உப்புக் காற்றில் கோல்ஃப் மட்டைகள்

கேள்வி: வளைகுடாவிலிருந்து திரும்பிய என் அண்ணன் இரண்டு செட் கோல்ஃப் அயர்ன் மட்டைகள் கொண்டுவந்தார். கச்சான் காற்றுக்காலம் முடிவதற்குள் ‘ஃபோர்ஜ்டு’ செட்டில் சிவப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. வார்ப்புச் செட் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் காந்தம் ஒட்டுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: உப்புத்தாளைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஃபோர்ஜ்டு மட்டையின் தலை, பெரும்பாலும் 0.20 முதல் 0.25 சதவீதம் வரை கார்பன் கலந்த மென்மையான எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அச்சுகளுக்கிடையே பலமுறை அடித்து, பிறகு கடைந்து மெருகேற்றிச் செய்யப்படுவது. அந்த எஃகு எளிதில் துருப்பிடிக்கும் என்பதால்தான் அதன்மேல் நிக்கலும் குரோமியமும் பூசுகிறார்கள். பூச்சில் ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் உப்பு ஈரம் அதன் வழியே இறங்கி, பூச்சை விட்டுவிட்டு அடியிலுள்ள இரும்பை அரிக்கிறது. நிக்கலோடு ஒட்டியிருப்பதாலேயே அந்த அரிப்பு இன்னும் விரைவாக நடக்கிறது. உப்புத்தாள் எஞ்சிய பூச்சையும் உரித்துவிடும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக்குப் பொருந்தும். இங்கே புளிப்பு துளைக்குள் தங்கிக் கெடுதல் செய்யும். அலுமினியத் தாளைக் கசக்கி, நல்ல தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்தால் மேல்துரு வந்துவிடும்.

வார்ப்பு மட்டையைச் சுவாமிமலையில் சிலை வார்ப்பதுபோலவே மெழுகில் உருச்செய்து, அதன்மேல் பீங்கான் குழம்பால் ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு எஃகை ஊற்றிச் செய்கிறார்கள். இதற்குப் பரவலாகப் பயன்படும் 17-4 என்ற எவர்சில்வர் வகையில் சுமார் 17 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் இருப்பதால், கீறல் விழுந்தாலும் காப்புப்படலம் தானே மீண்டும் உருவாகும். சமையலறை எவர்சில்வர் பலவற்றைப் போலன்றி இந்த வகையில் காந்தம் ஒட்டும், ஐயம் வேண்டாம். ஆனாலும் உப்பு படிந்தே கிடந்தால் இதிலும் குழிகள் விழும். கம்பு எஃகாக இருந்தால் இரண்டு செட்டிலும் அது பெரும்பாலும் பூச்சிட்ட கார்பன் எஃகுதான். தலையோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள்.

உங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவாதீர்கள். காவிரிக் குடிநீர் ஒரு சொம்பு போதும். முகப்பின் வரிப்பள்ளங்கள்வரை துடைத்து உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி வையுங்கள். கொடைக்கானலுக்கோ சென்னைக்கோ எப்போதாவது போய் ஆடுகிறவர்களின் மட்டைகள் ஆட்டத்தில் கெடுவதைவிடப் பைக்குள் ஈரத்துண்டோடு கிடந்து கெடுவதுதான் அதிகம்.

கேள்வி: அப்படியானால் ஃபோர்ஜ்டு மட்டையால் என்ன பயன்?
– வாசகி, தொண்டி

பதில்: எஃகு மென்மையானதால், ஆடுபவரின் உயரத்துக்கும் நிற்கும் வாகுக்கும் ஏற்பக் கம்புக்கும் தலைக்கும் இடையிலான கோணத்தை ஓரிரு டிகிரி எளிதாக வளைத்துச் சரிசெய்யலாம், 17-4 வகை அவ்வளவு எளிதில் வளையாது. பந்து படும்போதான மென்மையைப் பலர் புகழ்கிறார்கள். அதில் தலையின் வடிவமைப்புக்கும் பெரும்பங்கு உண்டு என்பதே என் கருத்து.