நிலக்கரியை விட்டு சூரிய, காற்று மின்சாரத்துக்கு மாறினால் காவிரி டெல்டாவின் சூழல் காப்பாற்றப்படுமா?

நிச்சயமாக உதவும். ஆனால் நிலத்தடி நீரை எப்படி எடுக்கிறோம் என்பதையும் சேர்த்து மாற்றினால்தான் முழுப் பலன்.

நிலக்கரி என்றதும் புகையையும் சாம்பலையும் பேசுவார்கள். மன்னார்குடிப் பக்கம் விவசாயம் செய்யும் எனக்கு அது முதலில் மண்ணும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட விஷயம். 2023 ஏப்ரலில் ஒரத்தநாடு அருகே வடசேரி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி என மூன்று இடங்கள் ஒன்றிய அரசின் பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியலில் இருப்பது தெரியவந்தது. டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததே 2020-ல்தான். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் மூன்றையும் நீக்கினார்கள். அந்த நாட்களில் எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. பக்கத்து நெய்வேலியில் கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை ராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பெயர்ந்து தண்ணீர் ஏறிவிடும். கரி எடுக்க முதலில் தண்ணீரை எடுத்தாக வேண்டும். எடுத்த கரியிலும் ஏறக்குறைய பாதி ஈரம்தான். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சாதாரண நிலக்கரியைவிட அதிகக் கரியமில வாயு வெளியேறுகிறது. 2023 ஜூலையில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட நெய்வேலிக்குப் பக்கத்து வளையமாதேவி கிராமத்தில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

மாற்று மின்சாரம் எங்கள் சாகுபடிப் பட்டத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. குறுவை நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் தென்மேற்குக் காற்று காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. ஐப்பசியில் வானம் மூடி சூரிய மின்சாரம் குறையும்போது சம்பா நெல்லுக்கு மழை கைகொடுக்கும். ராத்திரித் தேவைக்கு பேட்டரியும், மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் காடம்பாறை போன்ற நீரேற்று மின்நிலையங்களும் இன்னும் வேண்டும்.

நிலம் விஷயத்தில் நான் கறார். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு சுமார் 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. அந்த அளவுக்கு இங்கே நஞ்சையைக் கொடுக்கக் கூடாது. அரிசி ஆலை, பள்ளிக்கூடம், நெல் கிடங்கு என்று கூரைகள் எத்தனையோ சும்மா கிடக்கின்றன.

அப்புறம் சோலார் பம்ப். டீசல் செலவு இல்லை, புகை இல்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் ஒருமுறை போட்டுவிட்டால் வெயில் இருக்கும்வரை இறைக்கத் தனிச் செலவு கிடையாது. நிறுத்தவும் யாருக்கும் தோன்றாது. வேதாரண்யம், தலைஞாயிறு மாதிரி கடலோரப் பகுதிகளில் நல்ல தண்ணீரை அதிகமாக இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும்; வந்துவிட்டால் லேசில் போகாது.

அதனால் தனியாக ஓடும் பம்பைவிட, மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்கும்படி கிரிட்டோடு, அதாவது பொது மின்கம்பி வலையோடு, இணைந்த பம்பையே மானியத்தில் கேளுங்கள் என்பேன். அப்போது இறைக்காத தண்ணீருக்கும் ஒரு வருமானம் கிடைக்கும். அதோடு வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் போர்வெல் தண்ணீரும் மிச்சம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும்.