லோக்கலில் படிப்பதும் நிகழ்காலம்தான்

படிக்கும் பத்து நிமிடமும் உங்கள் நிகழ்காலம்தான். அதைத் தப்பித்தல் என்று எண்ண வேண்டாம். டோம்பிவிலியிலிருந்து மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்துக்குப் போகும் லோக்கல் ரயிலில் புத்தகத்தைத் திறந்தால் சுற்றியிருப்பதைத் தவறவிடுகிறோமோ என்ற குற்றவுணர்வு வருகிறது, மூடினால் படிக்க வேறு நேரமே இல்லை என்று கேட்டிருந்தீர்கள்.

மனம் அலைவதற்குக் காரணம் பெரும்பாலும் மடியில் கிடக்கும் கைபேசிதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் மூன்று முறை எடுத்துப் பார்ப்பேன். திரும்பி வந்து அதே வரியில் நிற்பேன்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்:

1. ஏறுமுன் கைபேசியைப் பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்கும் கீழே வைத்துவிடுங்கள்.

2. குறுந்தொகையில் நாளுக்கு ஒரே ஒரு பாடல். பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிதான். 401 பாடல்கள் இருக்கின்றன, ஓராண்டுக்கு மேல் வரும். அவசரமே வேண்டாம்.

3. மூடிவிட்டு, வழியில் வரும் மும்ப்ரா பக்கத்துக் கழிமுகத்தைப் பாருங்கள். படித்ததில் ஓர் அடியாவது நினைவில் நிற்கிறதா?

நின்றால் பிரச்சினை புத்தகத்தில் இல்லை. நிற்காவிட்டால் தூக்கக் குறைவாக இருக்கலாம். அன்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

காலை நெரிசலில் கதவருகே நிற்க நேர்ந்தால் மட்டும் புத்தகத்தைத் தொடவே தொடாதீர்கள். இரண்டு கையும் பிடிமானத்துக்கு வேண்டும்.