புளூ ஜேஸ் இந்த வருடம் வெல்லுமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ரொறன்ரோவுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் முடிகிறது. வேலை செய்யும் களஞ்சியத்தில் எல்லோரும் இந்த நகரின் பேஸ்போல் அணியைப் பற்றி, "போன வருடம் மயிரிழையில் தவறியது, 2026இல் புளூ ஜேஸ் கிண்ணத்தை எடுத்தே தீரும்" என்கிறார்கள். அதை நம்பலாமா, அவர்களோடு சேர்ந்து கைத்தொலைபேசியில் பந்தயம் கட்டலாமா, பேஸ்போல் பழகுவதால் பிரயோசனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வாகன அனுமதிப்பத்திரம், வாடகை அறை என்றும் இரண்டு கேள்விகள். அனுமதிப்பத்திரத்தைக் கோடைக்குள் எடுங்கள். ஸ்காபரோவில் தமிழ்ப் பயிற்சியாளர்களுக்குப் பஞ்சமில்லை. அறை எடுத்தால், எங்கள் ஆட்களின் வீடாக இருந்தாலும் கொடுக்கும் ஒவ்வொரு டொலருக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அவ்வளவுதான். இனிப் பேஸ்போலுக்கு வருவோம்.

நம்பலாம். நானும் நம்புகிறேன். 14 ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம் எழுதிய விளாடிமிர் குரேரோ ஜூனியர் இங்கேதான் இருக்கிறான். ட்ரே யெசாவேஜ் என்ற பையன் 2025 பருவத்தை ஆகக் கீழ்மட்ட அணிகளில் ஒன்றில் தொடங்கி, ஒக்டோபர் கடைசியில் வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடரில், ஒரே ஆட்டத்தில் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் ஆட்களை 12 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினான். புதுமுகம் எவரும் அதற்கு முன் அங்கே அப்படிச் செய்ததில்லை. இப்போது டிலன் சீஸ் என்ற நல்ல பந்து வீச்சாளரும் ஜப்பானிலிருந்து ஒகமோட்டோவும் சேர்ந்திருக்கிறார்கள். போ பிஷெட் நியூயோர்க் மெற்ஸுக்குப் போனது எனக்குப் பெரிய மனவருத்தம். அந்தத் தொடரின் கடைசி ஆட்டமான ஏழாவதில், டொட்ஜர்ஸின் ஓட்டானி வீசிய பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி மூன்று ஓட்ட ஹோம் ரன்னாக அடித்தவன் அவன்.

ஆனால், "போன முறை ஒரு ஓட்டத்தால் தோற்றோம், ஆகவே இந்த முறை வெல்வோம்" என்று உங்கள் வேலைத்தலத்தில் சொல்லும் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பேஸ்போலில் அப்படி ஒரு கணக்குக் கிடையாது. 1985இல் இந்த அணி அமெரிக்கன் லீக் இறுதியில் கன்சாஸ் சிட்டிக்கு எதிராக 3-1 என்று முன்னால் நின்று தோற்றது. 1987இல் கடைசி ஏழு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று டெட்ரொயிற்றிடம் தன் பிரிவின் முதலிடத்தையே பறிகொடுத்தது. 1989இல் ஓக்லண்டிடம், 1991இல் மினசோட்டாவிடம் தோல்வி. அத்தனைக்கும் பிறகுதான் 1992 வந்தது. 1993இல் இரண்டாவது கிண்ணமும் வந்தது. அதற்குப் பிறகு 2015 வரை பருவம் முடிந்ததும் நடக்கும் பிளேஓஃப் சுற்றின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2024இல் 74 வெற்றிகளோடு பிரிவில் கடைசி இடம். அடுத்த வருடமே 94 வெற்றிகளோடு முதலிடம். கடைசியிலிருந்து ஒரே வருடத்தில் மேலே வரலாம் என்றால், மேலேயிருந்து ஒரே வருடத்தில் கீழேயும் போகலாம்.

அந்த 94 வெற்றிக்குப் பின்னால் 68 தோல்விகள் இருந்தன. முழுப் பருவத்துக்கும் 162 ஆட்டங்கள். மார்ச் மாதத்தில் புளோரிடாவின் டனிடினில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் வென்றாலும் தோற்றாலும் அதற்கு அர்த்தமில்லை. ஏப்ரலில் ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றால் வேலைத்தலத்தில் "எல்லாம் முடிந்தது" என்பார்கள். அதற்கும் காது கொடுக்காதீர்கள். போன வருட ஒக்டோபரில் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஒரு ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை இழுத்தது. நவம்பர் மாதம் பிறந்த பிறகும் பந்து வீசிய கைகள் அவை. அவற்றுக்குக் கிடைத்த ஓய்வு குறைவு. எனக்குள்ள உண்மையான பயம் அது ஒன்றுதான்.

பந்தயம் பற்றிக் கேட்டீர்கள். கட்டாதீர்கள். ஒரு டொலர்கூடக் கட்டாதீர்கள். 2022 ஏப்ரலில் ஒன்ராரியோ அரசு தனியார் நிறுவனங்களுக்கு இணையப் பந்தயத்தைத் திறந்துவிட்டது. அன்று தொடக்கம் ஆட்டத்துக்கு நடுவில் விளம்பரம், ஆட்டத்துக்கு முன் பந்தய விகிதம், பஸ் நிறுத்தத்தில் விளம்பரப் பலகை. நாங்கள் வந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன், உங்களைப் போல வந்த புதிதில், ஊரில் தங்கையின் படிப்புக்கென்று எடுத்து வைத்த காசை ஏழாவது ஆட்டத்தில் போட்டான். ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று நாங்கள் முன்னால். இன்னும் இரண்டு பேரை அவுட் ஆக்கினால் கிண்ணம். டொட்ஜர்ஸின் மிகேல் ரொகாஸ் என்ற, பெரிதாக ஹோம் ரன் அடிக்காத மனிதர், அந்த நேரம் பார்த்து ஒன்று அடித்துச் சமப்படுத்தினார். பதினோராவதில் வில் சிமித் இன்னொன்று. 5-4, முடிந்தது. அன்று இரவு நகரம் முழுக்க அழுதது. அந்தப் பையனோ தங்கைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் எனக்குத் தொலைபேசி எடுத்தான். ஒரு அணிமேல் வைக்கும் நம்பிக்கைக்குப் பணம் தேவையில்லை. பணம் வைத்தவனுக்கு அந்த ஆட்டத்தின் அழகே தெரியாமல் போய்விடும்.

பிரயோசனம் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினர் "இது வெள்ளைக்காரனின் விளையாட்டு, கிரிக்கெற் தெரிந்தவனுக்கு இது என்னத்துக்கு" என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. அணியைப் பாருங்கள். குரேரோ பிறந்தது மொன்றியலில், தகப்பன் அங்கே விளையாடிய காலத்தில்; வளர்ந்தது டொமினிக்கன் குடியரசில். பந்து பிடிக்கும் அலெஹாந்திரோ கேர்க் மெக்சிக்கோவின் திகுவானாவைச் சேர்ந்தவர். ஹிமேனெஸ் வெனிசுவேலாக்காரர். ஊரை விட்டு வந்து, மொழி தெரியாமல் நின்று, வேலையில் பெயர் எடுத்தவர்கள் இவர்கள். எங்களுக்கு இதைவிட நெருக்கமான அணி வேறு எது? இன்னொரு பகுதியினர் ஒக்டோபரில் மட்டும் நீலச் சட்டை வாங்கிப் போட்டு, கடன் அட்டையில் ரிக்கெற் எடுத்து, படம் பிடித்துப் போட்டுவிட்டு நவம்பரில் மறந்துவிடுவார்கள். அவர்களோடும் சேராதீர்கள்.

நான் வந்த காலத்தில் நகரின் நடுவில் ஒரு உணவகத்தின் நிலவறைச் சமையலறையில் கோப்பை கழுவினேன். முதலாளி சம்பளத்தை இழுத்தடித்துத்தான் தருவார். தொட்டிக்கு மேலே தட்டில் ஒரு சிறிய வானொலி இருந்தது. எண்ணெய் படாமல் இருக்கப் பிளாஸ்ரிக் பையால் சுற்றி, உடுப்புக் கொழுவும் கம்பியை வளைத்து அன்ரெனாவாகச் சொருகியிருப்பார்கள். ஜமேக்கா நாட்டுச் சமையல்காரர் ஒருவர் ஒவ்வொரு இரவும் அதைப் போடுவார். ரொம் சீக் என்ற வர்ணனையாளரின் குரல். 1977இல் அணியின் முதல் ஆட்டம் தொடக்கம் 2004 வரை ஒரு ஆட்டம் விடாமல் வர்ணித்தவர். என் காதுக்கு ஆங்கிலம் அவர் குரலில்தான் பழகியது. பாடசாலையில் படித்த ஆங்கிலம் எழுத உதவியது. ஆட்கள் பேசும் வேகத்துக்கு என்னைப் பழக்கியது அந்த வானொலி.

1993 ஒக்டோபர் 23, சனிக்கிழமை. ஒன்பதாவது இன்னிங்ஸ், பிலடெல்பியா 6-5 என்று முன்னால். எங்கள் ஆட்கள் இருவர் பேஸில் நிற்கிறார்கள். ஜோ கார்ட்டர் ஹோம் ரன் அடித்தார், கிண்ணம் எங்களுக்கு. சீக்கின் குரல் உயர்ந்தது, சமையல்காரர் கையிலிருந்த கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு ஈரக் கையோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்தார். மேலே சாப்பிட வந்தவர்கள் தட்டை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். நாங்களும் மேலங்கி போட்டபடி யங் தெருவுக்கு வந்தோம். அந்தத் தெருவில் மாதக்கணக்காக நடந்திருக்கிறேன். முகம் பார்த்து எவரும் பேசியதில்லை. அன்று முன்பின் அறியாதவர்கள் கைகொடுத்தார்கள். ஒரு வயதான பெண்மணி எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். "இனி நீயும் இந்த ஊர்தான்" என்று சொல்லித் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். குடிவரவு அலுவலகத்தில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்த அதே கேள்விதான். அன்றுதான் அதை ஒருவர் அன்போடு கேட்டார்.

ஆகவே பழகுங்கள். பெரிய ஆட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஏப்ரலில் திங்களோ செவ்வாயோ ஒரு இரவு ஆட்டத்துக்கு, மேல்மாடியில் 500 என்று தொடங்கும் பகுதிகளில் இடம் எடுங்கள். மலிவாகக் கிடைக்கும். கட்டணம் சேர்த்துக் கடைசியில் காட்டும் விலையைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தவேண்டும். மைதான வாசலில் நின்று விற்பவர்களிடம் வாங்கவே கூடாது. பஸ்ஸில் கென்னடி நிலையம், அங்கிருந்து சுரங்க ரயிலில் யங்-புளோர், அங்கே மாறி யூனியன். யூனியனிலிருந்து மைதானம் வரை மூடிய நடைபாதை இருக்கிறது, குளிர் தெரியாது. ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் மூன்று இன்னிங்ஸுக்கு ஒன்றும் விளங்காது. பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். பேஸ்போல் பார்க்கிறவர்களுக்கு விளக்கம் சொல்வதைப் போல விருப்பமான வேலை வேறில்லை. சனிக்கிழமை ஆட்டம்தான் உங்களுக்கு வசதி என்றால் எனக்கு எழுதுங்கள், நானும் வருகிறேன்.