பச்சை குத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்: கேள்வி பதில்

நான் பாளையங்கோட்டைக்காரி. வேதியியல் ஆராய்ச்சிக்காகத் தைவானில் சின்ச்சு நகரத்தில் ஒன்பது வருடம் இருந்தேன், அங்கே சீனம் படித்தேன், அப்புறம் ஜப்பானியமும் ஓரளவு. எங்கள் அப்பா திருநெல்வேலி டவுனில் போர்டு எழுதியவர், ஒரு எழுத்து கோணிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. "சீன, ஜப்பானிய எழுத்தை உடம்பிலோ கடையிலோ துணியிலோ போட்டிருந்தாலும் சரி, போடப்போகிறீர்கள் என்றாலும் சரி, படம் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, போன குற்றால சீசன்ல கையில 'சுதந்திரம்'னு சீன எழுத்து ரெண்டு குத்துனேன். இப்ப காலேஜ்ல ஒருத்தன் போன் கேமராவ வச்சுப் பாத்துட்டு 'இலவசம்'னு வருதுங்கான். உண்மையா? (வண்ணார்பேட்டை)

உண்மைதான் தம்பி. முதல் எழுத்துக்கு 'இல்லை' என்று பொருள், இரண்டாவது 'கட்டணம்'. சேர்த்தால் கட்டணம் இல்லை. ஜப்பானியர்களும் சீன எழுத்துகளைப் பயன்படுத்துகிறார்கள், அங்கே வண்டி நிறுத்துமிடத்திலும் கடை வாசலிலும் தினமும் பார்க்கிற சொல் இது. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் நிற்கிறது. குத்தியவர் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடியிருப்பார், முதலில் வந்த படத்தை எடுத்திருப்பார். நீங்கள் தமிழிலேயே தேடச் சொல்லியிருந்தால்கூட இந்தக் குழப்பம் வந்திருக்காது, ஏனென்றால் நம்மிடம் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.

இனி என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், பக்கத்தில் இன்னொரு எழுத்தைச் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். 2019-ல் பாடகி அரியானா கிராண்டே 'ஏழு மோதிரங்கள்' என்று ஜப்பானியத்தில் உள்ளங்கையில் குத்திக்கொண்டார். வலி தாங்காமல் நடுவில் சில எழுத்துகளை விட்டுவிட்டதால் அது கரி போட்டு மீன் சுடுகிற சின்ன அடுப்பின் பெயராகிவிட்டது. பிறகு 'விரல்' என்ற எழுத்தைக் கீழே சேர்த்தார், அது அடுப்போடு விரலையும் சேர்த்ததாக முடிந்தது. உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. அதன்மேல் அடர்த்தியாக வேறு படம் வரைந்து மூடலாம், அல்லது தோல் மருத்துவரிடம் போய் லேசரில் எடுக்கலாம். பல முறை போக வேண்டியிருக்கும், ஆனால் உங்களுடையது வெறும் கறுப்பு மை, வண்ண மையைவிட அது சீக்கிரம் மங்கும். அவமானப்பட வேண்டாம், உலகம் முழுக்க இதே சொல்லைக் குத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஏ-க்கு ஒரு சீன எழுத்து, பி-க்கு ஒன்று என்று ஒரு அட்டவணை கடையில் வைத்திருந்தார்கள். என் பெயரை அதைப் பார்த்து எழுதலாமா? (அம்பாசமுத்திரம்)

வேண்டாம். அப்படி ஒரு அட்டவணையே கிடையாது, யாரோ இட்டுக்கட்டியது. சீன எழுத்து என்பது ஒலிக்கான அரிச்சுவடி இல்லை, ஒவ்வொன்றும் ஓர் அசை, ஒரு பொருள். ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வைத்திருக்கும் பட்டியலிலேயே 2136 எழுத்துகள் உண்டு, அதை 26-க்குள் எப்படி அடைப்பது? அந்த அட்டவணையில் சில உருவங்கள் எழுத்தே அல்ல, பாதி வெட்டிய கோடுகள். வெளிநாட்டுப் பெயரை எழுத ஜப்பானியர்கள் கத்தகானா என்ற தனி ஒலியெழுத்தை வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயர் அதில் சுத்தமாக வரும், எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கொரியன் எழுத்தில் தோழிகள் பெயரை மருதாணியில் போடலாமா அக்கா? ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்காங்க. (பாளையங்கோட்டை)

தாராளமாகப் போடுங்கள். கொரிய எழுத்து நம் எழுத்தைப் போல ஒலிக்கானது. செஜோங் மன்னர் சாதாரண மக்களும் படிக்க வேண்டும் என்று உருவாக்கி 1446-ல் வெளியிட்டது, அடிப்படை எழுத்து 24-தான், ஒரு வாரத்தில் நீங்களே படித்துவிடலாம். ஒரே எச்சரிக்கை: எழுத்துகளை வரிசையாக உதிர்த்து எழுதக் கூடாது, ஓர் அசைக்குரியதை ஒரே கட்டமாகச் சேர்த்து எழுத வேண்டும். ர-வுக்கும் ல-வுக்கும் அங்கே ஒரே எழுத்து, ழகரம் கிடையாது. கயல்விழி அங்கே கொஞ்சம் மாறித்தான் ஒலிப்பாள்.

தென்காசியில் ஃபாஸ்ட் ஃபுட் கடை வைத்திருக்கிறேன்மா. டிசைன் பண்ணின பையன் ஃப்ளெக்ஸில் நாலு சீன எழுத்து போட்டிருக்கான், பார்க்க நல்லாத்தான் இருக்கு. படம் அனுப்பியிருக்கேன்.

அண்ணாச்சி, அதில் 'வண்டி நிறுத்தத் தடை' என்று இருக்கிறது. ஏதோ தெருப்படத்திலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார். சாப்பிட வருகிறவர்களை வண்டி நிறுத்தாதே என்று விரட்டுகிற போர்டை நீங்களே காசு கொடுத்து மாட்டியிருக்கிறீர்கள். தென்காசியில் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். குற்றாலத்துக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள், அதில் ஒருவர் போதும்.

பையனைத் திட்டாதீர்கள், இது படித்தவர்களுக்கும் நடந்தது. 2008-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிக் கழகம் தன் இதழின் அட்டையில் அழகுக்காகச் சீன எழுத்துகளைப் போட்டது. இதழ் வெளிவந்த பிறகுதான் தெரிந்தது, அது ஆடை அவிழ்த்து ஆடும் விடுதி ஒன்றின் விளம்பரம். இத்தனைக்கும் அச்சிடும் முன் ஒரு சீனவியல் அறிஞரிடம் காட்டியிருந்தார்கள், அவருக்கு அதன் இரட்டை அர்த்தம் பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்டு அட்டையை மாற்றினார்கள். அதே 2008-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில் கனரக வண்டிகள் போகக் கூடாது என்ற பலகைக்கு வெல்ஷ் மொழிபெயர்ப்பு கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள், உடனே பதில் வந்தது, அதை அப்படியே எழுதி நட்டுவிட்டார்கள். 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பிவையுங்கள்' என்பதுதான் அந்தப் பதில்.

உங்களுக்குச் சீன எழுத்து வேண்டும் என்றால், கடை வாசலில் அவர்களே போடுகிற 'வாருங்கள், வரவேற்கிறோம்' என்ற நாலெழுத்துத் தொடர் இருக்கிறது. அதைப் படமாகவே அனுப்புகிறேன், பையன் திருப்பவோ நீட்டவோ இடம் மாற்றவோ வேண்டாம். பழைய போர்டை இந்த வாரமே இறக்கிவிடுங்கள் அண்ணாச்சி.

டீ-ஷர்ட்டில் ஜப்பான் எழுத்து போட்டால் அது ஜப்பான் கம்பெனிதானே? (சங்கரன்கோவில்)

இல்லை. சூப்பர்ட்ரை என்ற டீ-ஷர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அது இங்கிலாந்து நிறுவனம், அதில் இருக்கும் ஜப்பானிய எழுத்து 'கடுமையாகக் காயவை' என்கிற மாதிரி ஒரு கட்டளை. ஜப்பானியர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்க பத்தமடையில பாய் நெய்யிறோம். கல்யாணப் பாய்ல பொண்ணு மாப்ள பேரு போடுவோம்ல, அதே மாதிரி வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணுக்குச் சீன எழுத்து போட்டுத் தரச் சொல்லுதாங்க. எதப் போடலாம் தாயி?

மதினி, வந்த கேள்விகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஓர் எழுத்தை நெய்வதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று தோன்றியதே, அதற்கே உங்களுக்குக் கோடி நமஸ்காரம்.

கல்யாணப் பாய் என்றால் யோசிக்கவே வேண்டாம், 'இரட்டை மகிழ்ச்சி' என்ற எழுத்துதான். மகிழ்ச்சி என்ற எழுத்தையே இரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தது, மணமக்கள் இருவருக்கும் சேர்த்து. சீனக் கல்யாணத்தில் கதவு, போர்வை, தலையணை, தீப்பெட்டி என்று எல்லாவற்றிலும் சிவப்பில் இருக்கும். உங்கள் கைக்கும் இது வசதி: இடமும் வலமும் ஒரே மாதிரி இருப்பதால், எழுத்து பாயின் மறுபக்கம் திரும்பித் தெரிந்தாலும் அதேதான். கோடுகள் எல்லாம் நேராகப் படுக்கையாகவும் நிமிர்ந்தும் போவதால் கோரையில் எண்ணி எடுக்கலாம், வளைவு என்று பார்த்தால் அநேகமாக இல்லை. சாயம் சிவப்பே இருக்கட்டும்.

'ஃபூ' என்று நல்வாழ்வுக்கான எழுத்து ஒன்று உண்டு, அதையும் கேட்பார்கள். அது இட வலம் மாறினால் தப்பாகிவிடும். ஆனால் தலைகீழாகத் தொங்கவிட்டால் தப்பில்லை, அவர்களே புத்தாண்டுக்குத் தலைகீழாக ஒட்டுவார்கள், ஏனென்றால் 'தலைகீழ்' என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் சீனத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும். இதை உட்காரும் பாயில் போடாமல் சுவரில் மாட்டுகிற சின்னப் பாயில் போடுங்கள். இன்னொன்று, துக்க வீட்டு மலர்வளையத்தில் எழுதுகிற எழுத்து ஒன்று இருக்கிறது, பார்ப்பதற்கு மிக அழகாக, கோபுரம் மாதிரி இருக்கும். அதை நான் தனியாக எழுதி மேலே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருக்கிறேன். அது தெரியாமல்கூட உங்கள் தறிக்கு வந்துவிடக் கூடாது. பணம் எல்லாம் வேண்டாம் மதினி, முதல் பாயின் படம் அனுப்பினால் போதும்.

டவுன்ல எடுத்த ஷால்ல அரபி எழுத்து மாதிரி இருக்கு. குர்ஆன் வசனமா இருந்தா காலடியில படக் கூடாதுல்லா? (மேலப்பாளையம்)

எனக்கு அரபி தெரியாது என்பதால் உங்கள் ஊரிலேயே ஓர் ஆலிமிடம் படத்தைக் காட்டினேன். வசனம் இல்லை, சொல்லே இல்லை என்றார். அரபி எழுத்து வலமிருந்து இடம் போக வேண்டும், ஒன்றோடொன்று கைகோத்து நிற்க வேண்டும். இந்த ஷாலில் எல்லாம் தனித்தனியாக உதிர்ந்து இடமிருந்து வலம் போகிறது. அந்த மொழியைக் கையாளத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். உங்கள் பயம் நியாயமானது. 1994-ல் ஷனேல் என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்துக்காகக் கார்ல் லாகர்ஃபெல்ட் வடிவமைத்த உடையில் அரபி எழுத்தைப் பூத்தையலாகப் போட்டிருந்தார்கள், காதல் கவிதை என்று நம்பியிருந்தார்கள், அது குர்ஆன் வசனம். மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

நம் எழுத்துக்கும் இதே கதி உண்டு. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தெரிய வேண்டும், கணினியில் எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. கையாளத் தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பாமினி எழுத்துருவில் தட்டிய 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே கே பி ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். நெல்லையில் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அழகுக்காகப் போடுவதுதானே, ஏன் இவ்வளவு பெரிசு பண்ணுகிறீர்கள்? (பேர் போடவில்லை)

தைவானில் ஓர் இரவுச் சந்தையில் ஒரு துணிப்பையில் தமிழ் எழுத்தைப் பார்த்தேன். ஊரை விட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்த நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். கிட்டப் போனால் ங, ஞ, ழ, மறுபடி ங, கொம்பு இரண்டு, அவ்வளவுதான், சொல் எதுவும் இல்லை. விற்ற அம்மாவுக்கு அது எந்த மொழி என்றே தெரியவில்லை, பூ மாதிரி இருந்தது என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் யாரோ என்னைக் கூப்பிட்ட மாதிரி ஓடிப்போய் அங்கே ஆளே இல்லாமல் நின்றேன் பாருங்கள், அந்த ஏமாற்றத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்று. இலங்கையில் காலியில் கிடைத்த ஒரு கல்வெட்டு கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது, சீனத் தளபதி செங் ஹே நிறுவியது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் கடல் கடந்து வரும்போது, இந்தத் தமிழைப் படிக்க ஆள் இருப்பார்கள் என்று நினைத்து, தெரிந்தவரை வைத்து எழுதியிருக்கிறார். ஒரு தரம் போய்ப் பார்த்தேன், எழுத்தைத் தொட முடியாது, கண்ணாலேயே தடவிக்கொண்டு நின்றேன்.

நெல்லை ஜங்ஷன் பக்கம் டாட்டூ போடுகிறேன். கஸ்டமர் கொண்டுவருகிற எழுத்து சரியா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மனது நிறைந்துவிட்டது. அந்த மொழி பேசுகிற ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள், 'இது வீரம்தானே?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்றுவிடுவார்கள். 'இதில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்ததும் என்ன தோன்றுகிறது?' என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். போன் கேமராவை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம், கடைசிச் சல்லடையாக வேண்டாம், இல்லாத எழுத்துக்கும் அது ஏதாவது பொருள் சொல்லிவிடும்.

ஸ்டென்சில் ஒட்டும்போது இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கோட்டின் நீளத்தையும் புள்ளியையும் உங்கள் இஷ்டத்துக்கு அழகுபடுத்தாதீர்கள். 'பெரிய' என்ற எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'மிதமிஞ்சிய' என்று ஆகும், அதே புள்ளி வலது தோளுக்கு மேலே போனால் 'நாய்'. இரண்டு படுக்கைக் கோட்டில் மேல்கோடு நீளமாக இருந்தால் வீரனுக்கு உரிய எழுத்து, கீழ்க்கோடு நீளமாக இருந்தால் வெறும் மண்.

நீங்கள் அனுப்பிய ஏழு மாதிரியில் நாலு சரி, இரண்டு கண்ணாடிப் பிம்பமாக இருக்கிறது, ஒன்று எழுத்தே இல்லை. சரியாக எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், புதிதாக யாராவது எழுத்து கொண்டுவந்தால் ஊசி போடுவதற்கு முன்னால் படத்தை அனுப்புங்கள்.