வியர்க்காமல் ஆபீஸ் போக சைக்கிளை எவ்வளவு வேகத்தில் மிதிக்கலாம்?

சென்னையில் 8 கிலோமீட்டர் தூரம், போய்ச் சேரும்போது சட்டை நனையக்கூடாது என்றால் மணிக்கு 14 முதல் 16 கி.மீ. போதும்.

15 கி.மீ. வேகத்தில் 32 நிமிடம், 20-இல் 24 நிமிடம். மிச்சமாகும் அந்த 8 நிமிடத்திலும் பாதியைச் சிக்னல்கள் விழுங்கிவிடும். ஆனால் கால்கள் தர வேண்டிய சக்தியோ கிட்டத்தட்ட இரு மடங்கு. எதிர்க்காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுவதே காரணம். உடல் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் வியர்வை சீக்கிரம் காயாது.

வேகமானி தேவையில்லை. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். கியர் இருந்தால் லேசானதில் வைத்து, நிமிடத்துக்கு 60–70 சுற்று மிதியுங்கள். சிக்னல் பச்சையானதும் எழுந்து நின்று மிதிப்பதுதான் பலரும் செய்யும் தவறு, வியர்வை அங்கேதான் தொடங்குகிறது. மேம்பாலத்தில் ஏறும்போது வேகம் 10-க்குக் குறைந்தாலும் பரவாயில்லை.

பையை முதுகில் மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். டயரில் காற்று குறைந்தால் அதே வேகத்துக்கு இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை அடியுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் தொடை சீக்கிரம் களைத்துவிடும்.

கடைசி ஒரு கிலோமீட்டரைக் கட்டாயம் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்திய உடனே காற்று நின்றுவிடும், உடல் சூடு நிற்காது. வியர்வை கொட்டுவது சைக்கிளைப் பூட்டும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.