தாத்தாவின் ஜாவாவை உதைத்துப் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் தாத்தா 1968-ல் வாங்கிய ஜாவா 250 மோட்டார் சைக்கிள், நத்தம் பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுக்கொட்டகைக்குள் 20 வருடத்துக்கும் மேலாக நிற்கிறது. தாத்தா இறந்துவிட்டார். ஆர்.சி. புத்தகம் கிடைக்கவில்லை. டிவியில் வரும் பழைய மோட்டார் சைக்கிள் நிகழ்ச்சிகளில், கொட்டகையில் கிடந்த வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றி அரைமணி நேரத்தில் ஸ்டார்ட் செய்துவிடுகிறார்களே, நாங்களும் செய்யலாமா? ஊரில் ஒருவர் 60,000 ரூபாய் கொடுத்தால் வண்டியையும் ஓட வைத்து, "புத்தகமும் போட்டுத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். கிக்கரில் கால் வைக்காதீர்கள். அந்த மனிதரிடம் முன்பணமும் கொடுக்காதீர்கள்.

டிவியில் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நிகழ்ச்சிகளில் அதிகம் வருபவை ஹார்லி, இந்தியன் போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் எஞ்சின் ஆயில் தனியாக இருக்கும். கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு உதைத்தால் அரை நிமிடம் ஓடும், பெரும்பாலும் பெரிய சேதம் வராது. உங்கள் ஜாவா இரண்டு ஸ்ட்ரோக். அதன் பிஸ்டனுக்கும், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் பேரிங்குக்கும் எண்ணெய் பெட்ரோலோடு கலந்து வந்தால்தான் உண்டு. வெறும் பெட்ரோலை ஊற்றி உதைத்தால், துருப்பிடித்த பேரிங் எண்ணெயே இல்லாமல் சுற்றும். 20 வருடம் பொறுமையாக நின்ற எஞ்சின் அந்த அரை நிமிடத்தில் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெயும் 2டி ஆயிலும் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) சம அளவில் கலந்து 30 மில்லி அந்த ஓட்டை வழியாக விடுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஜாவாவில் கியர் லீவரேதான் கிக்கர். இறுகிய எஞ்சினை அதில் மிதித்தால் உள்ளே பல்சக்கரம் உடையும். சக்கரம் அசையவில்லை என்றால் மறுபடி ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் தட்டுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள், கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முன்னால் இருக்கும் இரண்டு சைலன்சர் குழாய்களின் வளைய நட்டைத் திருகி எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிஸ்டனும் ரிங்கும் அந்தத் துளை வழியாகவே தெரியும். கறுப்பாகப் பிசின் போல ஒட்டியிருந்தால் அது காய்ந்த எண்ணெய், கரைந்துவிடும். செம்மண் நிறத்தில் கோடு கோடாக இருந்தால் போரில், அதாவது சிலிண்டரின் உள்சுவரில், துரு ஏறிவிட்டது. சிலிண்டரைக் கடைந்து அடுத்த சைஸ் பிஸ்டன் போட வேண்டியிருக்கும்.

சுற்றுகிறது என்பதற்காக ஓட்டிவிடவும் கூடாது. கிராங்கின் இரு பக்கமும் உள்ள ரப்பர் சீல்கள் இத்தனை வருடத்தில் கட்டையாகியிருக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் விட்டால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். டைனமோ பக்கத்துச் சீல் விட்டால் காற்று புகுந்து, கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் மாற்ற எஞ்சினைப் பிளக்க வேண்டியிருக்கலாம். அதைச் செய்யாமல் 'ஓட வைத்துத் தருகிறேன்' என்பவர் உங்களுக்கு ஒரு மாத ஓட்டத்தைத்தான் விற்கிறார். வண்டி தயாரானதும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி ஆயில், ஸ்பார்க்குக்கு மின்சாரத்தைத் துண்டித்துத் தரும் தொடுமுனையான பாயின்ட்டின் இடைவெளி 0.4 மி.மீ.

இனி அந்தப் 'புத்தகம்'. இதில்தான் குடும்பத்தோடு மாட்டிக்கொள்வீர்கள்.

தொலைந்த ஆர்.சி.க்கு நகல் வாங்கித் தருவது வேறு, 'புத்தகம் போடுவது' வேறு. எங்கோ உடைத்து எடைக்குப் போட்ட ஒரு ஜாவாவின் புத்தகத்தை வைத்திருப்பார்கள். உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தில் உள்ள எண்ணைக் குத்துவார்கள். அவ்வளவுதான் வேலை. அதன் பிறகு உங்கள் தாத்தாவின் வண்டி சட்டப்படி உங்கள் தாத்தாவின் வண்டி இல்லை. நாளைக்கு ஒரு விபத்தோ சோதனையோ வந்தால் எண்ணை அழித்த குற்றம் வண்டி வைத்திருப்பவர் தலையில் விழும். குத்தியவர் போனையே எடுக்க மாட்டார். வெற்றுப் படிவம் 29, 30-ல் கையெழுத்துக் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அவை உரிமை மாற்றப் படிவங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் வண்டியையே கொடுத்ததற்குச் சமம்.

நேர்வழி இருக்கிறது. ஹேண்டில் தண்டு நுழையும் தலைக்குழாயில் சேஸிஸ் எண் இருக்கும். பெயிண்ட் ரிமூவரும் துணியும் போதும், உப்புத்தாள்கூட வேண்டாம். எண் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எழுத்து சீராக, சுற்றியுள்ள இரும்பு பழைய இரும்பாகவே இருந்தால் நல்லது. எஞ்சினின் கீழ்ப்பகுதி உறையான கிராங்க்கேஸில் உள்ள எஞ்சின் எண்ணுக்கும் அப்படியே அச்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பதிவேடு. உங்கள் நத்தம் இருக்கும் திண்டுக்கல் மாவட்டம் 1985-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. 1968-ல் பதிந்த வண்டியின் பதிவேட்டை மதுரையில் தேட வேண்டியிருக்கலாம். திண்டுக்கல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் "ரெக்கார்டு இல்லை" என்றால் சோர்ந்துவிடாதீர்கள். பழைய பதிவேட்டுப் பக்கத்தின் நகல் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தப் பக்கம் கையில் இருந்தால்தான் கணினியில் வண்டியை ஏற்றச் சொல்ல முடியும். அதன் பிறகு தொலைந்ததற்குக் காவல்துறைச் சான்றுடன் நகல் ஆர்.சி.க்குப் படிவம் 26. உரிமையாளர் இறந்ததால் வாரிசுக்கு மாற்றப் படிவம் 31, கூடவே இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். காலாவதியான பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25.

இது அலைச்சல்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். கணினியில் வண்டி இல்லாமல் இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் பாலிசி போடாது. பழைய பதிவேடுகளை முழுசாக ஏற்றாமலே எல்லாவற்றையும் ஆன்லைன் ஆக்கிவிட்டு, "ரெக்கார்டு நாட் ஃபவுண்ட்" என்று மக்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒழுங்காக ஆவணம் வைத்திருந்த குடும்பங்களையே புரோக்கரிடம் தள்ளுவது இந்த நடைமுறைதான். எனக்கு இதில் கோபம் உண்டு. ஆனாலும் கவுன்டரில் சொன்ன பதிலோடு திரும்பிவிடாமல், மனுவின் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

உங்கள் வண்டிக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021-ல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் வடிவில் இருக்கும் வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்க முடியும். தினமும் சந்தைக்குப் போய்வர ஆசைப்பட்டால் சாதாரணப் புதுப்பித்தலே சரி.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பாருங்கள். ஜாவா என்ற பெயர் 1970-களில் யெஸ்டி ஆனது. இரண்டும் அதே மைசூர்த் தொழிற்சாலை வண்டிகள். யெஸ்டி எஞ்சின் ஜாவா சேஸிஸில் உட்கார்ந்துவிடும். கிராங்க்கேஸ் விரிசல் விட்ட ஜாவாக்களில் ஊர்ப் பட்டறைகள் அப்படி மாற்றியது சகஜம். தாத்தாவும் மாற்றியிருக்கலாம். மாற்றிய சமயத்தில் ஆர்.சி.யில் ஏற்றியிருந்தால் பதிவேட்டுப் பக்கத்திலும் புது எண் இருக்கும், சாதாரணப் புதுப்பித்தலுக்கு அது போதும். ஏற்றாமல் விட்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி மாற்றத்துக்கு அனுமதி கேட்டு, அந்த எஞ்சின் யாருடையது, எப்படி வந்தது என்பதற்கு ரசீதோ ஆவணமோ காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், அதே காலத்து ஜாவா எஞ்சின் ஒன்றை உரிமையாளரிடமிருந்தே ரசீதோடு வாங்கி, அதற்கு அனுமதி பெறுங்கள். பதிவேட்டு எண்ணை எஞ்சினில் குத்துவது மட்டும் கூடாது. விண்டேஜ் பதிவு வேண்டுமானால் எஞ்சின் மாற்றமே தடையாக நிற்கும். அதனால் எஞ்சினைப் பிளக்கச் செலவு செய்வதற்கு முன்பே அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைக் கையில் வாங்குங்கள்.

பட்டறைக்கு அனுப்பும்போது ஸ்பீடோமீட்டர், கார்புரேட்டர், டேங்க் பேட்ஜ், டைனமோ மூடி, ஹெட்லைட் ஒவ்வொன்றையும் நெருக்கமாகப் படம் எடுத்து, பட்டியலில் பட்டறைக்காரரின் கையெழுத்து வாங்குங்கள். அசல் பாகம் கழன்று வேறு வண்டிக்குப் போய், டூப்ளிகேட் பளபளப்பாக வந்து உட்காருவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது.

பெயிண்ட் அடிப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆய்வாளர் எண்ணைப் பார்த்து அச்சு எடுப்பதற்கு முன் அடித்தால், தலைக்குழாயில் எண்ணின் பள்ளமெல்லாம் பெயிண்டுக்கு அடியில் பூசும் பட்டியால் நிறைந்துவிடும். பிறகு அதைச் சுரண்டுகிற ஒவ்வொரு கீறலும் யாரோ எண்ணைத் தேய்த்தது போலவே தெரியும்.