தெருவிளக்கும் வேக வரம்பும்: சித்தூர் தாலுகா கேள்விகளுக்குப் பதில்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் பஞ்சாயத்துக் கட்டடங்களின் கரண்ட் செலவு பற்றியும் தெருவில் வண்டிகளின் வேகம் பற்றியும் நம்மவர்கள் கேட்டவை இவை. உள்ளாட்சி மின்வேலைகளில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அண்ணா, எங்கள் வார்டில் எல்லாக் கம்பத்திலும் எல்.இ.டி. போட்டாச்சு. பில் மட்டும் குறையவில்லை என்கிறார் மெம்பர். ஏன்?

பதில்: மீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி. மீட்டர் இல்லாத தெருவிளக்குக்கு விளக்கின் வாட்டையும் எரியும் மணிநேரத்தையும் வைத்துத்தான் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. கட்டணம் போடும். கம்பத்தில் 110 வாட் எல்.இ.டி. எரியும், செக்‌ஷன் ஆபீஸ் பதிவேட்டில் பழைய 250 வாட் சோடியம் விளக்கே இருக்கும். மெம்பரும் ஓவர்சியரும் ஒரு சாயங்காலம் கம்பம் கம்பமாக நடந்து, எண்ணையும் வாட்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டைத் திருத்தட்டும். இது சின்ன விஷயமில்லை. சோக்கோடு சேர்த்து அந்தச் சோடியம் விளக்கு 280 வாட் வரை இழுக்கும். இரவுக்கு 12 மணிநேரம் என்று வைத்தால், ஒரு கம்பத்துக்கு வருடத்தில் சுமார் 745 யூனிட் மிச்சம்.

கேள்வி (வேலந்தாவளம்): அங்கன்வாடிக்கு சோலார் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் முதலில் ஃபேனை மாற்றுங்கள். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவு. காற்று ஏறக்குறைய அதே. தேவை குறைந்த பிறகு பேனல் சிறியதாகவே போதும்.

கேள்வி (மீனாட்சிபுரம்): சார், ஸ்கூல் முன்னால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று பஞ்சாயத்தே போர்டு வைக்கலாமா?

பதில்: வேக வரம்பு விதிக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆம் பிரிவின்படி மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான். கேரளத்தில் 2023 ஜூலை 1 முதல் டூவீலருக்கு உச்சம் 60, நகரச் சாலையில் காருக்கு 50. பள்ளிக்கூடப் பகுதிக்கு 30. ஆக, நீங்கள் கேட்பது ஏற்கெனவே விதியில் இருப்பதுதான். கிராமசபையில் தீர்மானம் போட்டு, பள்ளி விடும் நேரம், நடந்த விபத்துகள் எல்லாம் எழுதி, கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுங்கள்.

கேள்வி (அவரே): 50-க்கும் 30-க்கும் அப்படி என்ன வித்தியாசம்? பஸ் லேட் ஆகும் என்று சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: 50-ல் வரும் வண்டி ஒரு வினாடியில் 14 மீட்டர் ஓடிவிடும். குழந்தையைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகும். 30-ல் வந்தால் அதற்குள் எட்டு மீட்டர், பிரேக் பிடித்து இன்னும் ஐந்து, வண்டி நின்றுவிடும். இப்போது 15 மீட்டர் முன்னால் ஒரு பையன் குறுக்கே ஓடுகிறான் என்று வையுங்கள். 30-ல் வந்தவர் அவனுக்கு முன்பே நின்றிருப்பார். 50-ல் வந்தவர் அப்போதுதான் பிரேக்கை மிதிக்கிறார். ஏறக்குறைய முழு வேகத்தில் அவன்மேல் மோதுவார். இது காய்ந்த ரோட்டுக் கணக்கு, மழையில் இன்னும் மோசம். பஸ் லேட் ஆவதா? பள்ளி முன்னால் 300 மீட்டர் தூரத்தை 30-ல் கடந்தால் கூடுவது பதினைந்து வினாடிக்கும் குறைவு. ஒரு பிள்ளையின் உயிருக்கு எதிராக அதை வைத்துப் பேசவே கூடாது.

கேள்வி (நல்லேப்பிள்ளி): நாங்களே வேகத்தடை போட்டோம். ராத்திரியில் பைக்கில் வந்தவர் விழுந்துவிட்டார்.

பதில்: குறுகலாகச் செங்குத்தாக எழுப்பியிருப்பீர்கள். சாலை அளவுகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் சொல்லும் அளவு, வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைந்த முதுகு. 25-ல் வந்தால் குலுங்காமல் ஏறி இறங்கலாம். வெள்ளைப் பட்டையும் முன்கூட்டி எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம். அப்புறம், நேர் மேலே ஒரு விளக்கு வேண்டும். ரோடு முழுக்கப் பளிச்சென்று எல்.இ.டி. போட்டுவிட்டு வேகத்தைக் கவனிக்காமல் விட்டால், வெளிச்சத்தை நம்பி ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். அதனால் விளக்கையும் வேகத்தையும் ஒரே வேலையாக எடுங்கள். பில்லில் மிச்சமாகும் பணத்தில் பள்ளி முன்னாலும் பஸ் ஸ்டாப்பிலும் ஜனம் கடக்கும் இடத்தைச் சரி செய்யுங்கள்.

கேள்வி (கோவிந்தாபுரம்): நடுராத்திரிக்கு மேல் விளக்கை அணைத்தால் இன்னும் மிச்சமாகுமே?

பதில்: அணைக்க வேண்டாம். மங்கலாக்கும் வசதியுள்ள எல்.இ.டி. என்றால் ஆள் நடமாட்டமில்லாத தெருவில் குறைக்கலாம். உங்கள் செக்போஸ்ட் பக்கம் லாரியை நிறுத்திவிட்டு டீக்கடைக்கு ரோட்டைக் கடப்பவர்கள் எந்நேரமும் இருப்பார்கள். அங்கே ஒரு வாட்டும் குறைக்காதீர்கள்.